ஒரே ஒரு தடவை சாம்பியன் ஆன டர்க் நோவிட்ஸ்கியை ஏன் இவ்ளோ பெருசா பேசறாங்க?

கேள்வி இதுதான்: "டாலஸ் மாவெரிக்ஸ் பாஸ்கெட்பால் டீம்ல டர்க் நோவிட்ஸ்கி 21 வருஷம் ஆடி ஒரே ஒரு சாம்பியன்ஷிப் தான் ஜெயிச்சாரு, டிஃபென்ஸும் சுமார், அப்புறம் ஏன் அவரை எல்லாக் காலத்துக்குமான பெரிய ஆட்டக்காரங்க வரிசையில வைக்கிறாங்க? ஒரே டீம்ல கடைசி வரைக்கும் இருந்தாருன்ற பாசமா?"

பாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அது காரணம் இல்ல. என்னைக் கேட்டா ஒரே ஒரு விஷயத்தப் புரிஞ்சுக்கிட்டா போதும், 2007ல அவரை எந்த இடத்துல அடிச்சு உடைச்சாங்களோ அதே இடத்த நாலு வருஷம் உக்காந்து சரி பண்ணி, 2011ல அதே இடத்துல வெச்சு எல்லாரையும் ஜெயிச்சாரு. அத விளக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும், பொறுமையா படிங்க.

டர்க் பொறந்தது 1978 ஜூன் 19, ஜெர்மனில வூர்ட்ஸ்பர்க்ன்ற ஊர்ல. அம்மா பாஸ்கெட்பால் ஆடினவங்க, அப்பா ஹேண்ட்பால், அக்காவும் பாஸ்கெட்பால். இவரு சின்ன வயசுல டென்னிஸும் ஹேண்ட்பாலும் தான் ஆடிட்டு இருந்தாரு, ரொம்ப உயரமா வளந்துட்டதால பாஸ்கெட்பால் பக்கம் வந்தாரு. 15 வயசு இருக்கும்போது ஹோல்கர் கெஷ்விண்ட்னர்னு ஒருத்தர் இவர் ஆடறதப் பாத்தாரு. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல ஜெர்மன் டீம்ல ஆடினவரு, பிசிக்ஸ், கணக்கு இதுலல்லாம் ஊறினவரு. அந்தப் பையன் கிட்ட ஏதோ இருக்குன்னு தோணி, அவங்க வீட்ல பேசி, நானே தனியா ட்ரெய்னிங் குடுக்கறேன்னு எடுத்துக்கிட்டாரு.

இந்த ட்ரெய்னிங் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா மொத்தக் கதையும் இங்கதான் ஆரம்பிக்குது. கெஷ்விண்ட்னர் வெயிட் தூக்கச் சொல்லி உடம்ப ஏத்தல. படகு வலிக்க வெச்சாரு, வாள் சண்டையில எப்படி கால் மாத்தறாங்களோ அந்த ஸ்டெப்ப பழக்கினாரு, புக்கு படிக்கச் சொன்னாரு, சாக்ஸஃபோன் கத்துக்கச் சொன்னாரு, ரிதம் உடம்புல ஏறணும்னு. ஷாட்டை ஒரு கணக்கு மாதிரி பாத்தாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க, வளையத்தோட விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர், பந்தோட விட்டம் சுமார் 24. பந்து நேர் மேல இருந்து விழுந்தா முழு 45ம் அதுக்குக் கெடைக்கும். 45 டிகிரில சாஞ்சு வந்தா பந்தோட பார்வையில அந்த ஓட்டை 32 சென்டிமீட்டரா சுருங்கிடும், 30 டிகிரில வந்தா 23க்கும் கீழ, அதாவது பந்தை விட சின்னது, எதையும் தொடாம உள்ள போகவே முடியாது. அதனால உயரமா வளைச்சுப் போட்டா கையில சின்னத் தப்பு இருந்தாலும் பந்து உள்ள போயிடும். டர்க்கோட ஷாட் ஏன் அவ்ளோ மேல போய் விழும்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான். ஏற்கெனவே ஏழடி உயரம், கையத் தூக்கி தலைக்கு மேல இருந்து விடறாரு, அதுக்கு மேல அந்த வளைவு வேற.

1998 மார்ச்ல சான் அன்டோனியோல நைக்கி ஹூப் சம்மிட்னு இளைஞர் மேட்ச், அமெரிக்கப் பசங்களுக்கு எதிரா மத்த நாட்டுப் பசங்க ஆடறது. அந்த நேரம் இவரு ஜெர்மன் ராணுவத்துல கட்டாய சேவையில இருந்தாரு, ஊர் டீம் வேற ரெண்டாவது டிவிஷன்ல இருந்து மேல ஏறப் போராடிட்டு இருந்துச்சு, அத விட்டுட்டு அமெரிக்கா கெளம்பிட்டாருன்னு அங்க பெரிய கோவம். ஆனா அந்த ஒரு மேட்ச்ல 33 பாயிண்ட், 14 ரீபவுண்ட் (உள்ள போகாம திரும்பி வர்ற பந்தைப் புடிக்கறது). அதுக்கப்புறம் அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல இருக்கற டீம் எல்லாம் அட்லஸ்ல வூர்ட்ஸ்பர்க் எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சிருப்பாங்க.

அந்த வருஷ டிராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் வரிசையா புது ஆளுங்கள எடுக்கற நாள்ல, 9வது ஆளா மில்வாக்கி பக்ஸ் எடுத்தாங்க, ஆனா அவங்களுக்காக இல்ல. டாலஸ் மாவெரிக்ஸ் 6வது இடத்துல ராபர்ட் ட்ரெய்லரை எடுத்துக் குடுக்க, பதிலா டர்க்கும் பாட் காரிட்டியும் டாலஸுக்கு வந்தாங்க. காரிட்டியை ஃபீனிக்ஸுக்கு அனுப்பின டீல்ல ஸ்டீவ் நாஷ் வந்தாரு. ஒரே நாள்ல டர்க், நாஷ் ரெண்டு பேரும். 10வது இடத்துல பாஸ்டன் காத்துட்டு இருந்தாங்க, அங்க கோச்சா இருந்த ரிக் பிட்டினோவுக்கு டர்க் மேல ஒரு கண்ணு, கைக்கு வராததால பால் பியர்ஸை எடுத்தாங்க. இந்த ட்ரேடை வெச்சு ட்ரெய்லரை இன்னைக்கும் கிண்டல் பண்றவங்க இருக்காங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. அந்த மனுஷன் 2011 மே மாசம், டர்க் சாம்பியன் ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 34 வயசுலயே இறந்து போனாரு. டிராஃப்ட் நாள்ல யாரு யாருக்கு மாத்தப்பட்டாங்கன்றது அவர் பண்ண தப்பு இல்ல.

முதல் சீசன் மோசம். முதலாளிங்களுக்கும் ஆட்டக்காரங்களுக்கும் தகராறு வந்து லீக்கையே மூடின லாக்அவுட்னால சீசனே 1999 பிப்ரவரில தான் ஆரம்பிச்சுது, 50 மேட்ச் தான், டர்க் சராசரி 8.2 பாயிண்ட். மெலிசா இருக்காரு, தள்ளினா விழறாரு, டிஃபென்ஸ் தெரியல. கோச் டான் நெல்சன் மட்டும் இவரைத் திரும்பத் திரும்ப இறக்கி விட்டுக்கிட்டே இருந்தாரு. அந்தக் காலத்துல ஏழடி ஆளுன்னா வளையத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணும், தள்ளிக்கிட்டு உள்ள போகணும், அவ்ளோதான் வேலை. வெளிய இருந்து போடற உயரமான ஆளுங்க டர்க்குக்கு முன்னாடியும் இருந்தாங்க, சாம் பெர்கின்ஸ், பில் லேம்பீர், அதே ஜெர்மனில இருந்து வந்த டெட்லெஃப் ஷ்ரெம்ஃப், இவங்களை மறக்கக் கூடாது. ஆனா ஒரு டீமோட மொத்த ஆட்டத்தையும் ஒரு ஏழடி ஆளோட ஜம்ப் ஷாட் மேல கட்டினது டாலஸ் தான். ரெண்டாவது வருஷம் 17.5, மூணாவது வருஷம் 21.8. 2000 ஜனவரில மார்க் கியூபன் டீமை வாங்கினாரு. 1990க்கு அப்புறம் பிளேஆஃப் (சீசன் முடிஞ்சப்புறம் கப்புக்காக நடக்கற நாக்அவுட் சுற்று) பக்கமே போகாத டீம் 2001ல போச்சு, முதல் ரவுண்டுல யூட்டா கிட்ட முதல் ரெண்டு மேட்ச் தோத்துட்டு அடுத்த மூணையும் ஜெயிச்சாங்க. அந்த சீசன்ல இருந்து தொடர்ந்து 11 சீசன் 50 மேட்சுக்குக் கொறையாம ஜெயிச்சாங்க. ஒரே கப்னு எண்றவங்க இந்த 11ஐயும் கொஞ்சம் எண்ணணும்.

ஜெர்மன் டீம் கதை தனி. 2002 உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம், 2005 யூரோபாஸ்கெட்ல வெள்ளி, ரெண்டுலயும் போட்டியோட சிறந்த ஆட்டக்காரர் டர்க் தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல நாட்டுக் கொடியத் தூக்கிட்டுப் போனாரு. அவரைச் சுத்தி அப்போ இருந்த டீமைப் பாத்தா அந்த மெடலோட கனம் புரியும்.

2004ல நாஷ் ஃபீனிக்ஸுக்குப் போயிட்டாரு, போய் ரெண்டு வருஷம் தொடர்ந்து எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினாரு. டர்க்குக்கு நெருங்கிய நண்பர், அது வலிச்சிருக்கும். ஆனா 2006ல டாலஸ் ஃபைனல்ஸ் வரைக்கும் போச்சு. அந்த வருஷம் சான் அன்டோனியோ கூட ஏழாவது மேட்ச், மூணு பாயிண்ட் பின்தங்கி கடைசி அரை நிமிஷத்துல டர்க் உள்ள புகுந்து போட்டாரு, மானு ஜினோபிலி கைய நீட்டி ஃபவுல் பண்ணிட்டாரு, அதுக்காகக் கெடச்ச, யாரும் தடுக்காம போடற ஃப்ரீ த்ரோவும் உள்ள, ஸ்கோர் சமம், ஓவர்டைம்ல ஜெயிப்பு. 37 பாயிண்ட், 15 ரீபவுண்ட். அடுத்து ஃபீனிக்ஸ் கூட ஒரு மேட்ச்ல 50 பாயிண்ட். டர்க் பயந்தவர்னு சொன்னவங்க இந்த மேட்ச்லாம் பாக்கவே இல்லயோன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

அப்புறம் ஃபைனல்ஸ், மியாமி ஹீட். முதல் ரெண்டு மேட்ச் டாலஸ் ஜெயிச்சாச்சு, மூணாவது மேட்ச்ல ஆறரை நிமிஷம் இருக்கும்போது 13 பாயிண்ட் முன்னாடி. அங்க இருந்து டுவைன் வேட் புடுங்கிட்டாரு. கடைசி நொடிகள்ல ரெண்டு ஃப்ரீ த்ரோ கெடச்சு டர்க் ஒண்ணு மிஸ் பண்ணாரு, 98-96ன்னு தோல்வி. அதுக்கப்புறம் மியாமி வரிசையா ஜெயிச்சு 4-2ன்னு முடிஞ்சுது. அஞ்சாவது மேட்ச்ல வேட் ஒருத்தரே 25 ஃப்ரீ த்ரோ போட்டாரு, டாலஸ் டீம் மொத்தமும் சேந்தும் 25 தான், டாலஸ் ஆளுங்க அத இன்னிக்கும் மறக்கல.

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 2007. டாலஸ் 67 மேட்ச் ஜெயிச்சு லீக்லயே முதலிடம். டர்க் 24.6 பாயிண்ட், ஷாட்ல 50 சதவீதம், தூரத்துல இருந்து போடற த்ரீ பாயிண்டர்ல 40, ஃப்ரீ த்ரோல 90, மூணையும் தாண்டினாரு. எம்விபி, ஐரோப்பால இருந்து வந்து அத வாங்கின முதல் ஆளு. முதல் ரவுண்டுல எதிர்ல எட்டாவது இடத்துல வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், அவங்க கோச் யாருன்னா டர்க்கை வளத்து விட்ட அதே டான் நெல்சன். டர்க்குக்கு எது வரும் எது வராதுன்னு அவருக்குத் தெரியாதா? உயரமான ஆளைப் போடாம ஸ்டீஃபன் ஜாக்ஸன் மாதிரி வேகமான, குட்டையான, பலமான ஆளுங்கள டர்க் உடம்போட ஒட்டி நிக்க விட்டாரு. டர்க் பந்தைக் கீழ இறக்கினா கை வந்து தட்டும், முதுகைக் காட்டித் திரும்பினா பின்னாடி இருந்து ரெண்டாவது ஆள் வந்துடுவான், அவன் வர்றது இவருக்குத் தெரியாது. ஆறாவது மேட்ச்ல 13 ஷாட்ல 2 தான் உள்ள போச்சு, 8 பாயிண்ட், டாலஸ் காலி. ஏழு மேட்ச் சீரிஸ்ல முதல் இடத்து டீம் எட்டாவது கிட்ட தோத்தது அதுதான் முதல் தடவை. கோவத்துல அந்த ஓக்லாண்ட் ஸ்டேடியத்தோட உள் நடைபாதையில ஒரு குப்பைத்தொட்டியத் தூக்கி சுவத்துல அடிச்சாரு, சுவத்துல ஓட்டை விழுந்துச்சு, வாரியர்ஸ் அத அடைக்காம அப்படியே கண்ணாடி போட்டு வெச்சாங்க, பிற்பாடு டர்க்கே அதுல கையெழுத்துப் போட்டாரு. அவ்ளோ நடந்தப்புறம், டீம் வெளியேறி ரெண்டு வாரம் கழிச்சு, எம்விபி கோப்பையை வாங்க மேடை ஏற வேண்டி வந்துச்சு. அந்த முகத்தப் பாத்தா யாருக்கும் மனசு கஷ்டமா இருக்கும். அதுக்கப்புறம் கெஷ்விண்ட்னரோட ஆஸ்திரேலியா போய் பாலைவனத்துப் பக்கம் சில வாரம் சுத்திட்டு வந்தாரு.

திரும்பி வந்து என்ன பண்ணாருன்றது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பந்தை வாங்கற இடத்த மாத்தினாரு. ஓரத்துல வாங்கினா ரெண்டாவது ஆள் மறைவா வரலாம், அதனால ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம், நடுவுல, வளையத்தப் பாத்த மாதிரி வாங்க ஆரம்பிச்சாரு. அங்க நின்னா யாரு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கண்ணுல படும், வந்தா அந்த ஆளு விட்ட இடத்துக்கு பாஸ், வரலன்னா ஷாட். அப்புறம் அந்த ஒத்தக்கால் ஷாட். இடது கால்ல எம்பி, வலது முட்டிய முன்னாடி தூக்கி, பின்னாடி சாஞ்சுக்கிட்டே விடறது. பாக்க அழகுக்காகப் பண்ற மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கு. ஒட்டி நிக்கற குட்டையான ஆளை அந்த முட்டி தள்ளி நிறுத்தும், சாயறதால இன்னும் ஒரு அடி இடம் கெடைக்கும், ஏழடி ஆளு தலைக்கு மேல இருந்து வளைச்சு விடற பந்த எந்தக் கையும் எட்டாது. குட்டையான ஆளுங்க ஒட்டிக்கிட்டா டர்க் காலின்னு 2007ல நெல்சன் கண்டுபிடிச்சாரு இல்லயா, அதுக்கு நேரடியான பதில் அது. பின்னாடி கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ், கெவின் டுரான்ட்னு எல்லாரும் அத எடுத்து ஆடினாங்க.

2011க்கு வருவோம். அந்த சீசன்ல டர்க் முட்டி அடிபட்டு 9 மேட்ச் ஆடல, அதுல டாலஸ் 2 தான் ஜெயிச்சுது, அவர் இல்லன்னா அந்த டீம் என்னன்னு அதுலயே தெரியும். ரெண்டாவது ஸ்டார்னு சொல்ற மாதிரி கூட ஒரு ஆளு இல்ல. 38 வயசு ஜேசன் கிட், ஜேசன் டெரி, ஷான் மேரியன், டைசன் சாண்ட்லர், ஜேஜே பரேயா, கோச் ரிக் கார்லைல். முதல் ரவுண்டுல போர்ட்லாண்ட் கூட நாலாவது மேட்ச்ல 23 பாயிண்ட் முன்னாடி இருந்து தோத்தாங்க, பழைய டாலஸ் திரும்பி வந்துடுச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மேட்சும் ஜெயிச்சு முடிச்சாங்க. அடுத்தது ரெண்டு வருஷமா சாம்பியனா இருந்த லேக்கர்ஸ், 4-0, கடைசி மேட்ச்ல 36 பாயிண்ட் வித்தியாசம். அடுத்தது ஓக்லஹோமா சிட்டி, 4-1, அதுல நாலாவது மேட்ச்ல அஞ்சு நிமிஷம் இருக்கும்போது 15 பாயிண்ட் பின்னாடி, அங்க இருந்து வந்து ஓவர்டைம்ல ஜெயிச்சாங்க, டர்க் 40.

ஃபைனல்ஸ்ல திரும்பவும் மியாமி, திரும்பவும் வேட், கூட இப்போ லெப்ரானும் கிறிஸ் பாஷும். முதல் மேட்ச் தோல்வி, அதுல டர்க்கோட இடது கை நடுவிரல்ல தசைநார் கிழிஞ்சு போச்சு. ரெண்டாவது மேட்ச்ல ஏழு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது 15 பாயிண்ட் பின்னாடி, அதுல இருந்து சமமாக்கி, கடைசி நொடிகள்ல அந்தக் கிழிஞ்ச விரல் இருக்கற இடது கையாலயே பந்த உள்ள வெச்சு 95-93ன்னு ஜெயிச்சாரு. நாலாவது மேட்ச்ல காய்ச்சல், 101 டிகிரி, துண்டு போத்திக்கிட்டு பெஞ்ச்ல உக்காந்திருந்தாரு, 21 பாயிண்ட், 86-83. அந்த ஆறு மேட்ச்ல மொத்தம் 46 ஃப்ரீ த்ரோ போட்டு 45 உள்ள. 2006ல ஒரு ஃப்ரீ த்ரோ மிஸ் பண்ணதுக்கு அஞ்சு வருஷம் பேச்சு வாங்கினவரு இவர்தான்.

2011 ஜூன் 12, ஆறாவது மேட்ச், முதல் பாதியில டர்க் 12 ஷாட்ல 1 தான். இங்கதான் டீமைப் பத்தி சொல்லியாகணும், ஜேசன் டெரி 27 பாயிண்ட் போட்டுத் தாங்கிப் பிடிச்சாரு. 2006ல தோத்த டாலஸ் டீம்ல இருந்து மிச்சம் இருந்தவங்க டர்க்கும் டெரியும் மட்டும்தான். கடைசி குவார்ட்டர்ல டர்க் 10 பாயிண்ட், 105-95, முடிஞ்சுது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே மேசையத் தாண்டிக் குதிச்சு நேரா டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஓடிட்டாரு, கண்ணீர யாருக்கும் காட்ட வேணாம்னு, கூட்டிட்டு வர ஆள் போக வேண்டி இருந்துச்சு. ஃபைனல்ஸ் எம்விபி, சராசரி 26 பாயிண்ட்.

டிஃபென்ஸ் பத்திக் கேட்டீங்க, அது உண்மைதான். வேகமான ஆளுங்க பக்கவாட்டுல போனா அவரால தடுக்க முடியாது. 2011ல அந்தக் கொறையை மூடினவரு சாண்ட்லர், அவர் பின்னாடி நின்னதால தான் டாலஸ் தைரியமா ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் இல்லாம அவங்கவங்க இடத்தக் காக்கறது) ஆட முடிஞ்சுது. சாம்பியன் ஆன உடனே சாண்ட்லரை விட்டுட்டாங்க, அவர் நியூயார்க் போயிட்டாரு, அதுக்கப்புறம் டர்க் ஆடின காலம் முடிய டாலஸ் ஒரு பிளேஆஃப் சீரிஸ் கூட ஜெயிக்கல. சாண்ட்லரை விட்டது பெரிய தப்புன்னு தான் நான் நினைக்கறேன், இன்னொரு கப் வந்திருக்குமான்னு சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பை நாமளே மூடின மாதிரி ஆச்சு.

2014ல லேக்கர்ஸும் ஹூஸ்டனும் முழு சம்பளம் குடுக்க ரெடியா இருந்தப்போ, மூணு வருஷத்துக்கு 25 மில்லியன் டாலர்னு ரொம்பக் கொறச்சு வாங்கிட்டு டாலஸ்லயே இருந்தாரு. 2017 மார்ச் 7, லேக்கர்ஸ் கூட மேட்ச்ல 30,000 பாயிண்டைத் தாண்டின ஆறாவது ஆளு. 39 வயசுல, 24 மேட்ச் மட்டுமே ஜெயிச்ச ஒரு மோசமான சீசன்ல 77 மேட்ச் ஆடினாரு, அதுக்கப்புறம் கணுக்கால் ஆபரேஷன், கடைசி சீசன் டிசம்பர்ல தான் ஆரம்பிக்க முடிஞ்சுது. அந்த சீசன்லயே வில்ட் சேம்பர்லைனைத் தாண்டினாரு, முடிவுல 31,560 பாயிண்ட், 1,522 மேட்ச், ஒரே டீம்ல 21 சீசன், அது அதுவரைக்கும் யாரும் பண்ணாதது. 2019 ஏப்ரல் 9 டாலஸ்ல கடைசி மேட்ச், 40 வயசு, 30 பாயிண்ட். மறுநாள் சான் அன்டோனியோல 20 பாயிண்ட், 10 ரீபவுண்டோட முடிச்சுக்கிட்டாரு. 2023ல ஹால் ஆஃப் ஃபேம். டாலஸ் ஸ்டேடியத்துக்கு வெளிய செலை இருக்கு, ஒத்தக்கால் ஷாட் போடற மாதிரியே தான்.

கடைசியா, நேரம் இருந்தா ஒரு மேட்ச் மட்டும் தேடிப் பாருங்க, 2011 மே 17, ஓக்லஹோமா கூட முதல் மேட்ச். 15 ஷாட்ல 12 உள்ள, 24 ஃப்ரீ த்ரோல 24 உள்ள, மொத்தம் 48 பாயிண்ட். பாக்கும்போது பந்து உள்ள போறதப் பாக்காதீங்க, அவர் எங்க நின்னு பந்தை வாங்கறாருன்னு மட்டும் பாருங்க. உயரமான இபாக்கா வர்றாரு, அப்புறம் காலிசன், அப்புறம் குட்டையான ஆளுங்க ஒவ்வொருத்தரா மாத்தி மாத்தி ஒட்டி நிக்கறாங்க, 2007ல நெல்சன் பண்ண அதே வைத்தியம் தான், இவரு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கிட்ட வளையத்தப் பாத்து நின்னுக்கிட்டு, முட்டியத் தூக்கி, அவங்க தலைக்கு மேல போட்டுக்கிட்டே இருப்பாரு.